இல்லை எனில் இல்லை என எழுதவும்

தடைக்காலம் முடிய இன்னும் பதினோரு நாள்.
தங்கச்சிமடத்துக் கரையில் படகுகள்
வயிறு தெரியச் சாய்ந்து கிடக்கின்றன,
பெயிண்ட் வாடையோடு.
இந்த நேரம் பார்த்துத்தான் வருஷா வருஷம்
கல்லூரிகள் கதவைத் திறக்கும்.
காசில்லாத மாதத்தில் கட்டணம் கேட்பது
எவன் போட்ட நாள்காட்டியோ.

தங்கை டெல்பினாவுக்கு கட்ஆஃப் நூற்று எழுபத்து நாலு.
முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கினால்
படிப்புக் கட்டணம் அரசாங்கமே கட்டுமாம்,
யாரோ சொன்னார்கள்.
யாரோ என்றால் ஐஸ் கம்பெனிக் கணக்கர் சேசுமரியான்.
அவருக்குச் சொன்னது யாரென்று அவருக்கே நினைவில்லை.
இப்படித்தான் எங்கள் தெருவுக்கு அரசாங்கம் வருகிறது,
வாய்க்கு வாய் மாறி
பாதி உப்பு ஏறி.

சாதி, இருப்பிடம் வாங்கியாயிற்று.
வருமானச் சான்றுக்கு
ஆண்டுக்கு எவ்வளவு என்றார்கள்.
அப்பா கடலைப் பார்த்தார்.
நான் ஒரு எண் சொன்னேன்,
அதுவே ஏறிவிட்டது.

நாலாவது சான்றிதழுக்கு
வீட்டில் எல்லாருடைய படிப்பும் வேண்டும்.
அப்பா, ஐந்தாம் வகுப்பு.
அம்மா, எட்டு.
அண்ணன்
என்ற இடத்தில் இ-சேவைப் பெண்ணின் விரல் நின்றது.
"நீங்க காலேஜ் போனீங்கதானே?
பஸ்ல பார்த்திருக்கேன்."

போனேன்.
மூன்று வருஷம் ராமநாதபுரம், பி.காம்.
பாம்பன் பாலம் தாண்டுவதற்குள்
பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம்
மனப்பாடம் செய்துகொண்டு.
இரண்டு பேப்பர் நிற்கிறது.
அரியர் என்ற சொல்லை வீட்டில்
வட்டிக்காரன் பெயரைப் போலச் சொல்வோம்,
குரலைத் தாழ்த்தி.

"பாஸ் பண்ணலைன்னா பட்டதாரி இல்லப்பா.
எழுதிக் கையெழுத்துப் போடு"
என்றார் கிராம நிர்வாக அலுவலர்.
படிவத்தின் அடியிலும் அச்சிட்டிருந்தது,
இல்லை எனில் இல்லை என எழுதவும்.

எழுதினேன்.
மூன்று வருஷத்தில் நான் எழுதியதில்
முழு மதிப்பெண் வாங்கிய விடை அதுதான்.

அதே பிரிண்டரில்
என் ஹால்டிக்கெட்டும் வந்தது.
இரண்டு தாளுக்கும் ஒரே சூடு.
ஒன்றில் நான் பட்டதாரி இல்லை.
மற்றதில்
பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு
ஆகப் பார்க்கிறவன்.
"ரெண்டுக்கும் சேர்த்து இருபது ரூபா" என்றாள்.

சேசுமரியானிடம் கேட்டேன், நான் பாஸ் ஆகிவிட்டால்?
"ரிசல்ட்டு எப்போ?"
ஆகஸ்டில்.
"கவுன்சிலிங் அதுக்கு முந்தியே முடிஞ்சிரும்."
நாலு வருஷமும் பார்ப்பார்களா, முதல் வருஷம் மட்டுமா?
அவர் பேரேட்டை மூடினார்.
அதற்குப் பதில் இன்னும் யார் வாயிலும் வரவில்லை.

டெல்பினாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.
பதினாலாம் தேதி காலை
இஸ்திரி போட்ட சட்டையின் பையில்
ஹால்டிக்கெட் நாலாக மடித்து இருந்தது,
இரண்டு பேனாவும்.
அவள் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
வழக்கத்தைவிடச் சத்தமாக.

அடக்கவிலைக் கணக்கியல்.
பதினோராம் கேள்வி.
சாதாரண இழப்பு, அசாதாரண இழப்பு, வேறுபடுத்துக.

தெரியும்.
எதிர்பார்த்த இழப்பை
மிஞ்சிய பொருளின் விலையிலேயே ஏற்றிவிடலாம்.
எதிர்பாராததற்குத் தனியாகக் கணக்குத் திறக்கவேண்டும்.
போன தடவையும் இது தெரியும்,
அன்றைக்கு முந்தின இரவு கடலில் இருந்தேன்,
எழுதும்போதே தூங்கிப் போனேன்.

இந்தத் தடவை
சன்னல் வழியே உடைமரம் பார்த்தேன், கொஞ்ச நேரம்.
மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றார்.
கூடுதல் தாள் வேண்டுமா என்றார்.

அன்று நள்ளிரவு தடை முடிந்தது.
ஐஸ் ஏற்றி, டீசல் ஏற்றி,
வரிசையாக விளக்குகள் கிளம்பின.
"எப்படி எழுதினே?" என்றார் அப்பா
கயிறு அவிழ்த்தபடி.
எஞ்சின் பிடித்துக்கொண்டது.
நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.
தலையாட்டினார்.